மீட்டமை, மீட்டெடு

யாருடைய செல்போன் மக்கர் செய்தாலும் அவள் முதலில் சொல்வது ஒரே வாக்கியம்தான்: "அணைச்சுட்டுப் போடுங்க." பாதி வியாதி அதிலேயே தீர்ந்துவிடும். மீதிக்குத்தான் ஸ்க்ரூடிரைவரைத் தேடுவாள். சொல்லிச் சொல்லி அவளுக்கு 'ரீஸ்டார்ட்' என்றே பெயர் விழுந்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாகத் தூங்குகிறது.

பஸ் நிலையத்துக்கு எதிரே, செருப்புக் கடையை ஒட்டி அவள் கடை. ஒரு ஆள் நீட்டிப் படுத்தால் கதவைச் சாத்த முடியாது. ஒரு ஜெராக்ஸ் மிஷின், ஒரு பழைய கம்ப்யூட்டர், ஆணியில் தொங்கும் கேபிள்கள், அவ்வளவுதான் சொத்து. அதற்கு முன் கண்ணாடிக் கதவு போட்ட பெரிய சர்வீஸ் சென்டரில் வேலை பார்த்தாள். பிழைக்கக்கூடிய போனையும் "இது தேறாது, புதுசு வாங்கிக்குங்க" என்று சொல்லச் சொன்னார்கள் அங்கே. ஒருநாள் மேனேஜர் பக்கத்தில் நிற்கும்போதே வாடிக்கையாளரிடம் "இது தேறும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவள்தான், திரும்பிப் போகவில்லை.

"போன் விஷயத்துல போய் இவ்வளவு ரோஷமா?" என்று அண்ணி கேட்டாள்.

"பொய்யில போன் பொய், பெரிய பொய்னு ரெண்டு ரகம் இருக்கா அண்ணி?"

அந்த அண்ணி அன்று காலை கடை வாசலில் மூச்சு வாங்க நின்றாள். கையில் அண்ணனின் போன். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவிப்பவள்போல அதை ஏந்திக்கொண்டிருந்தாள். பின்னால் அண்ணன், கழுத்தில் கட்டிய மெல்லிய துணியோடு.

"உங்க அண்ணன் பேச்சு போச்சும்மா" என்றாள் அண்ணி.

அண்ணன் பேச்சு போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. சாயப்பட்டறையில் கொதிக்கும் தொட்டிகளுக்கு நடுவில் பாதி ஆயுளைக் கழித்தவன். தொண்டையில் கட்டி வந்தது, குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அண்ணி சொன்னது அவன் வாயில் இருந்த பேச்சை அல்ல, போனில் இருந்த பேச்சை.

ஆபரேஷனுக்கு முன்னால் தங்கைதான் அவனை இழுத்து உட்காரவைத்தாள். குரலைச் சேமித்து வைக்கும் ஆப் ஒன்றைப் போனில் போட்டு, வெளிச் சத்தம் விழாமல் இருக்கத் துணி அலமாரிக்குள் கம்பளிகளுக்கு நடுவில் அவனை நுழைத்து, தினமும் பேச வைத்தாள். தண்ணி குடு, விளக்கை அணை, வலிக்குது, வேண்டாம், சாப்பிட்டியா. எல்லாம் முடிந்த பிறகு அவனே ஒன்று கேட்டான். "பட்டறையில நடந்ததையும் சொல்லி வச்சுடறேன். அப்புறம் சொல்ல எனக்கு வாய் இருக்காது."

அந்தச் சாட்சியத்துக்குத்தான் அன்று மூன்று மணிக்குத் தொழிலாளர் அலுவலகத்தில் கடைசி அமர்வு. ஆவி வெளியேற்றும் ஃபேன்களைக் கரண்டு மிச்சம் பிடிக்க நிறுத்தி வைத்தார்கள் என்பது அவன் வழக்கு. அவன் சிகரெட் குடித்தான் என்பது கம்பெனி வாதம். அவன் வாழ்நாளில் புகைத்தது அந்தத் தொட்டிகளை மட்டும்தான். போன அமர்வில் கம்பெனி வக்கீல் எழுந்து, "காகிதத்துல யார் வேணா எழுதிக் கொடுக்கலாம், அவரே சொல்லட்டும்" என்றார், குரல்வளை இல்லாதவனைப் பார்த்து. விசாரணை அதிகாரி யோசித்து, பதிவான அவன் சொந்தக் குரல் என்றால் கேட்பதாகச் சொன்னார். பட்டறை மேனேஜர் வெளியே வரும்போது, "எல்லாம் தலையெழுத்தும்மா" என்று ஆறுதல் வேறு சொன்னார். "தலையெழுத்தை எழுதினவன் ஃபேன் சுவிட்சுல கை வைக்கலையே சார்" என்றாள் அவள்.

இப்போது அந்த ஆப் சாம்பல் நிறத்தில் கிடந்தது. கீழே ஒரு சொல்: காத்திருக்கிறது.

"என்ன பண்ணீங்க?"

"நாங்க ஒண்ணும் பண்ணலை. ராத்திரி அதுவே அப்டேட் ஆரம்பிச்சிருக்கு. நடுவுல நெட் போயிடுச்சு. காலையில பார்த்தா இப்படி. நீதானே எல்லாருக்கும் சொல்லுவ, அழிச்சுட்டுத் திரும்பப் போட்டா சரியாயிடும்னு? அதான் அழிக்கலாம்னு விரலை வச்சேன். இவர் தட்டிவிட்டுட்டார்."

ஆப்பை அழித்தால் உள்ளே இருக்கும் குரலும் போய்விடும். வேறு எங்கும் பிரதி கிடையாது. பிரதி வைத்துக்கொள்ள அந்தக் கம்பெனி மாதாமாதம் சந்தா கேட்டது. ஒரு மனிதனின் குரலை அவனுக்கே வாடகைக்கு விடும் அந்த நியாயம் பிடிக்காமல் அவள் கட்டவில்லை. வெளியே நகலெடுக்கலாம் என்றால், குரல் திருட்டைத் தடுக்கிறோம் என்று சொல்லி அதையும் பூட்டி வைத்திருந்தார்கள். திருடனிடமிருந்து காப்பாற்றியது சரி, உரியவனிடமிருந்தும் காப்பாற்றிவிட்டார்கள்.

அணைத்துப் போட்டாள். ரீஸ்டார்ட் கைவிட்டது. சொல் மாறவில்லை.

"அம்மா, ஒரே ஒரு ஜெராக்ஸ்" என்று ஒருவர் தலையை நீட்டினார்.

"மிஷின் சூடாகணும். உட்காருங்க."

ஆப் கம்பெனியின் பக்கத்தில், பாதியில் நின்ற அப்டேட்டுக்கு ஒரே வழி போட்டிருந்தது: போனைக் கம்ப்யூட்டரில் செருகி, ஒத்திசைவு மென்பொருள் வழியாகச் சரிசெய்யவும். அந்த மென்பொருள் அவளிடம் இருந்தது. முதல் கேபிளைச் செருகினாள். போன் சார்ஜ் ஏறியதே தவிர, கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவில்லை. இரண்டாவதும் அப்படித்தான்.

"நேரமே சரியில்லை" என்றாள் அண்ணி. "இன்னைக்குக் கிளம்பும்போதே எனக்கு மனசு என்னமோ சொல்லுச்சு."

"நேரம் நல்லாத்தான் இருக்கு அண்ணி. கேபிள்தான் சரியில்லை. இது வெறும் கரண்டு வயர், உள்ள சேதி போற கம்பி இல்ல." மூன்றாவது கேபிளை ஆணியிலிருந்து உருவிச் செருகினாள். திரையில் போனின் படம் வந்தது. முதலில் மொத்தப் போனையும் நகலெடுக்கப் பார்த்தாள். ஒரு ஆப் பாதியில் இருப்பதால் முடியாது என்றது. சரி, அப்டேட்டையே முடிக்கலாம் என்று அமுக்கினாள். பச்சைக் கோடு நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது. அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். கோடு முக்கால்வாசியைத் தாண்டியதும் ஒரு கட்டம் எழுந்தது.

'செயலியை நிறைவுசெய்ய இயலவில்லை. இணைப்பைத் துண்டிக்க வேண்டாம்.' கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்றில் மீட்டமை. மற்றதில் மீட்டெடு.

கடைக்கு வருகிறவர்களுக்குத் தங்கள் போன் என்ன கேட்கிறது என்று புரிய வேண்டும் என்றுதான் அவள் எல்லாவற்றையும் தமிழில் வைத்திருந்தாள். என்ன ஏது என்று தெரியாமல் 'ஓகே' அமுக்குகிறவனை எவனும் ஏமாற்றலாம் என்பாள். இப்போது தமிழே அவளைப் பார்த்து முழித்தது. மொழியை மாற்ற வேண்டுமானால் மென்பொருளை மூடித் திறக்க வேண்டும். துண்டிக்காதே என்கிறது கட்டம்.

அண்ணியின் போனில் உதவிப் பக்கத்தைத் தேடினாள். ஆங்கிலப் பக்கம் தெளிவாக இருந்தது: பொத்தான் இரண்டு, ரீசெட் உள்ளதைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும், ரீஸ்டோர் உள்ளதைக் காத்துச் சரிசெய்யும். எந்தத் தமிழ் எதற்கு? தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால், 'மீட்டமைத்து மீட்டெடுக்கலாம்' என்று எந்தப் புண்ணியவானோ எழுதி வைத்திருந்தான். உதவி எண்ணுக்குப் போட்டாள். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று சொல்லிவிட்டு இசை போட்டார்கள்.

"இதுல என்ன குழப்பம்?" என்றாள் அண்ணி. "'எடு'ன்னா எடுத்துடறது. குரலை எடுத்துடும். 'அமை'ன்னா அமைச்சுக் குடுக்கிறது. மீட்டு அமைக்குது. அதை அமுக்கு."

அவளுக்கும் அப்படித்தான் பட்டது. அண்ணனும் தலையாட்டினான். ஆட்டிக்கொண்டே மவுஸை நோக்கிக் கையை நீட்டினான். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருண்ணா. மூணு பேரும் ஒத்துக்கிட்டோம்ங்கறதுக்காக அது நிஜமாயிடாது."

"அம்மா, மிஷின் சூடாயிடுச்சா?"

"எனக்கே சூடாயிருக்கு. கொஞ்சம் பொறுங்க."

அப்போதுதான் அவளுக்குத் தன் போன் ஞாபகம் வந்தது. அதே வீடு, அதே இணையம், அதே ராத்திரி. பையிலிருந்து எடுத்தாள். அதிலும் அந்த ஆப் சாம்பலாகக் கிடந்தது. காத்திருக்கிறது.

அண்ணன் போனில் போடுவதற்கு முன் பழகிப் பார்க்கத் தன் போனில்தான் முதலில் அதைப் போட்டிருந்தாள். முதல் நாள் பதிவு அதில் இருந்தது. வாய் எல்லா ஒலிகளையும் சொல்கிறதா என்று பார்க்க அந்த ஆப் ஒரு வாக்கியம் கொடுத்தது: 'நீல யானை ஏணியில் ஏறி ஆணி அடித்தது.' அண்ணன் அதைப் படித்தான். பாதியில் நிறுத்தி, "யானை எதுக்குடி ஆணி அடிக்குது?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தான். கம்பளிகளுக்கு நடுவில், அலமாரி குலுங்க, இருமல் வந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். மறுநாள் அவன் போனில் அதே வாக்கியத்தை நல்ல பிள்ளையாகச் சொல்லிவிட்டான். சிரிப்பு அவள் போனில் மட்டும்தான் இருந்தது. அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை. வேலை முடிந்து கடையை மூடிய பிறகு எப்போதாவது போட்டுக் கேட்பாள்.

அண்ணன் அவள் முகத்தைப் பார்த்தான். கையில் இருந்த சின்ன வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டினான்: 'உன் போன்ல என்ன இருக்கு?'

"ஒண்ணும் இல்லண்ணா. பழகறதுக்குப் போட்டது."

பொய்க்கு ரகம் உண்டா என்று கேட்டவள்தான்.

நாலாவது கேபிளை உருவினாள். தன் போனைப் பக்கத்துத் துளையில் செருகினாள். பச்சைக் கோடு மறுபடி நகர்ந்தது. செருப்புக் கடையில் யாரோ பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். உதவி எண்ணின் இசை அண்ணியின் போனில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கோடு முக்கால்வாசியில் நின்றது. அதே கட்டம், அதே இரண்டு சொற்கள்.

தனக்குச் சரி என்று பட்டதையே அமுக்கினாள். மீட்டமை.

சாம்பல் போய் நிறம் வந்தது. "பார்த்தியா! நான் சொன்னேன்ல!" என்று அண்ணி துள்ளினாள். அவள் தன் போனில் ஆப்பைத் திறந்தாள்.

'வணக்கம். உங்கள் முதல் வாக்கியத்தைப் பதிவுசெய்யுங்கள்.'

பட்டியல் வெறுமையாக இருந்தது. மேலே தள்ளினாள், கீழே தள்ளினாள். வெள்ளைத் திரை. அண்ணி துள்ளியவள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். நீட்டிய கையை அண்ணன் மடியில் வைத்துக்கொண்டான். அந்தக் கையை விட்டிருந்தால் எதை அமுக்கியிருக்கும் என்பது மூவருக்கும் தெரிந்திருந்தது.

"துடைக்கிறது இதுதான்" என்றாள். "அப்போ காக்கிறது அது. எழுதினவன் அதையாவது ஒழுங்கா எழுதியிருந்தா."

"எழுதியிருக்கலைன்னா?" என்றாள் அண்ணி.

மவுஸின்மேல் கையை வைத்தாள். விரல் இறங்க மறுத்தது. அண்ணன் பலகையைத் துடைத்துவிட்டு எழுதினான்: 'நகரு. என் குரல்.'

அவள் நகர்ந்தாள். அவன் மூச்சைக்கூடச் சரிசெய்துகொள்ளவில்லை. தொட்டியின் வால்வைத் திருகுகிறவன்போல ஒரே அழுத்து. மீட்டெடு.

கட்டம் மறைந்தது. சக்கரம் ஒன்று சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. ஜெராக்ஸ்காரர்கூட எழுந்து வந்து, எதற்கு என்று தெரியாமலே எட்டிப் பார்த்தார். சக்கரம் நின்றது. சாம்பல் விலகியது. அண்ணன் ஆப்பைத் தொட்டான். முதல் வரி எதுவோ அதைத் தட்டினான்.

"நீல யானை ஏணியில் ஏறி ஆணி அடித்தது" என்றது அண்ணன் குரல், கோர்ட்டில் சத்தியம் செய்கிறவனின் கம்பீரத்தோடு.

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "யாருங்க அது?" என்றார் ஜெராக்ஸ்காரர். "எங்க வீட்டுக்காரர்" என்றாள் அண்ணி, பக்கத்தில் வாய் மூடி உட்கார்ந்திருந்தவனைக் காட்டி. அந்த மனிதர் ஜெராக்ஸ் வாங்காமலே போய்விட்டார்.

பஸ்ஸில் அண்ணன் அவள் போனைக் கேட்டு வாங்கினான். வெறும் திரையைப் பார்த்தான். பலகையில் எழுதினான்: 'யானையா?' அவனுக்கு நினைவிருந்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தலையாட்டினாள். சற்று நேரம் கழித்துத் தோள் ஒன்று தன் தோளில் இடிப்பதை உணர்ந்து திரும்பினாள். அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தான். உடம்பு குலுங்கியது, கண்ணில் நீர் வந்தது. சத்தம் மட்டும் இல்லை.

விசாரணை அறையில் கம்பெனி வக்கீல் போனைப் பார்த்ததுமே எழுந்தார். "ஐயா, இது மிஷின் பேசறது. இதை எப்படிச் சாட்சின்னு..."

"போன தடவை அவரே சொல்லட்டும்னு கேட்டது நீங்கதானே?" என்றார் அதிகாரி. "உட்காருங்க. நீங்க போடுங்க."

அண்ணன் தட்டினான்.

"நான் சாயத் தொட்டிக்காரன். எங்க பட்டறையில ஆவி இழுக்கற ஃபேன் சுவர் நிறைய இருந்துச்சு. இன்ஸ்பெக்ஷன் வர்ற அன்னிக்கு மட்டும்தான் ஓடும். எப்ப வர்றாங்கன்னு எங்களுக்கு முன்கூட்டியே தெரியும். ஃபேன் ஓடினா வர்றாங்கன்னு அர்த்தம்."

வாக்கியத்தின் முடிவில் ஓர் இருமல். மேனேஜர் மேஜையைப் பார்த்தார். அதிகாரியின் பேனா நின்றது.

"நிறுத்துங்க. அந்தக் கடைசி வாக்கியம், இன்னொரு தடவை."

அண்ணன் விரலைப் பின்னால் நகர்த்தித் தட்டினான். அதே வாக்கியம், அதே குரல், முடிவில் அலமாரிக்குள் இருமிய அதே இருமல். அதிகாரி அதை எழுதிக்கொண்டார்.