யாருக்கெல்லாம் அந்தச் சிலுவை

வெல்டிங் பட்டறையில் அவருக்கு ‘வசனம்’ என்றுதான் பேர். கேட்டின் கீல் இறங்கிப்போச்சு என்று யாராவது வந்து நின்றால்கூட அதற்கும் வேதத்தில் ஒரு வரி வைத்திருப்பார். பட்டறைக் கூட்டாளி அவருடைய தங்கை புருஷன். வசனம் வாய் திறந்தாலே மல்லுக்கு நிற்கிற ஆள்.

இருவருக்கும் வருஷக்கணக்காக ஒரே வழக்கு. இயேசு செத்தது எல்லாருக்காகவுமா, கடவுள் தெரிந்துகொண்டவர்களுக்காக, அதாவது முன்பே தேர்ந்தெடுத்தவர்களுக்காக மட்டுமா?

“உலகத்துக்காகன்னுதானே இருக்கு மச்சான்? உலகம்னா எங்க தெரு அதுல வராதா?” என்பார் தங்கை புருஷன், கிரைண்டரை நிறுத்திவிட்டு.

“எல்லாருக்காகவும்னா எல்லாரும் கரையேறணுமே! ஏறலைன்னா சிந்தின ரத்தம் வீணா?” என்பார் வசனம்.

“கதவு திறந்துதான் இருக்கு. வராதவன் குத்தம் அது.”

“பாவத்துல செத்தவன் எப்படிய்யா நடந்து வருவான்? தூக்கிட்டுத்தான் வரணும்.”

பொறி பறக்கும். ஆனாலும் சாயங்காலம் ஒரே வண்டியில்தான் வீடு திரும்புவார்கள்.

தங்கை மகன் வளர்ந்ததும் சபைக்குப் போவதை விட்டுவிட்டான். “எனக்கு நம்பிக்கை இல்லப்பா” என்று முகத்துக்கு நேரே சொன்னான். ஒருநாள் லாரி மோதிச் செத்துப்போனான்.

அடக்கம் முடிந்ததும் தங்கை புருஷன் வசனத்தின் கையைப் பிடித்தார். “நீதான் எல்லாம் படிச்சவன். சொல்லு மச்சான், எம் பையனுக்காகவும் அவர் செத்தாரா?”

ஆமாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. இத்தனை வருஷம் பிடித்த பிடியை விட மனசு வரவில்லை.

“தெரிஞ்சுக்கப்பட்டவனா இருந்தா, செத்திருப்பாரு.”

ஜன்னலுக்கு அளவு கேட்டுக்கொண்டவர்போலத் தங்கை புருஷன் தலையாட்டினார். மறுவாரம் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு வேறு பட்டறைக்குப் போய்விட்டார்.

வசனம் போதகரிடம் கேட்டார். “கொள்கைப்படி நீங்க சொன்னது சரிதான்” என்றார் அவர். அதைக் கேட்டபிறகுதான் வசனத்துக்குத் தூக்கம் அடியோடு போயிற்று.

மழைக்காலம் முழுக்கத் தள்ளிப்போட்டு, ஒரு ஞாயிறு மதியம் தங்கை வீட்டுக்குப் போனார். “வாண்ணா” என்றாள் தங்கை, முகம் பார்க்காமல்.

“அன்னைக்கு நான் வாய மூடிட்டு உன் பக்கத்துல நின்னிருக்கணும் மச்சான்.”

“ஆமா.”

“தெரியாதுன்னாவது சொல்லியிருக்கணும். நிஜமாவே எனக்குத் தெரியாது.”

தங்கை புருஷன் சொன்னார்: “அன்னைக்குச் சொல்லியிருந்தா அது எனக்கு ஆறுதல். இப்ப சொல்றது உனக்குத்தான் ஆறுதல்.”

தங்கை டீ கொண்டுவந்தாள். மூவரும் குடித்தார்கள்.

இப்போது வீட்டுக்கு வீடு போக்குவரத்து உண்டு. இரும்பு விலை, மூட்டுவலி எல்லாம் பேசிக்கொள்வார்கள். பழைய வழக்கை மட்டும் இருவரும் எடுப்பதில்லை. ஜெபக்கூட்டத்தில் யாராவது அதைத் தொடங்கினால், வசனம் மெல்ல எழுந்து செருப்பைத் தேடுவார்.