நான் கேட்ட விதம்

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யமாகி இரண்டொரு வருடம் ஆகியிருந்த சமயம். நாஞ்சில் நாட்டில் வயல்களுக்கு நடுவே இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டர். மிக்சர் கலக்குவது, பொடி மடிப்பது, களிம்பு அரைப்பது எல்லாம் என் வேலை. டாக்டர் கோட்டயத்துக்காரர், நல்ல மனிதர். ஆனால் நடவுக்குப் போகிற பெண்கள் பதற்றத்தில் படபடவென்று பேசினால் அவருக்குப் பாதிதான் பிடிபடும். அதனால் அவசரமாக யாரைத் தூக்கிக்கொண்டு வந்தாலும், வீட்டில் ஏற்கெனவே என்ன மருந்து கொடுத்தார்கள் என்று கேட்டுச் சொல்லும்படி என்னிடம் சொல்வார். நான் சொன்ன பிறகுதான் மருந்து எழுதுவார்.

அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. உள்ளதைச் சொன்னால், அதில் இருந்த அதிகாரம் பிடித்திருந்தது. எனக்கு வாயும் கொஞ்சம் நீளம்.

நடவு நாட்களில் கைக்குழந்தைக்காரிகள் சிலர், கடுகளவு அபினியைத் தாய்ப்பாலில் கரைத்துப் புகட்டி, குழந்தையைத் தூங்கப் போட்டுவிட்டு வயலுக்குப் போவார்கள். முழங்கால் சேற்றில் குனிந்து நிற்கிறவள் குழந்தையை எங்கே வைத்துக்கொள்வாள்? இது இப்போது புரிகிறது. அப்போது எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஒருமுறை அபினி கொடுத்ததாக ஒப்புக்கொண்ட ஒருத்தியைக் குழந்தையோடு வரிசைக்கு வெளியே நிறுத்தினேன். “எல்லாரும் பாத்துக்கிடுங்க. இவ டாக்டருக்கும் மேல படிச்சவ. இவளுக்கு நம்ம மருந்து எதுக்கு?” என்றேன். வரிசை முழுக்கச் சிரித்தது. கடைசி ஆள் மருந்து வாங்கிப் போகும்வரை அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

அன்று வீட்டில் போய் இதைப் பெருமையாகச் சொன்னேன். “அந்தப் பிள்ள அம்புட்டு நேரமும் அழுதுட்டா கெடந்துது?” என்று மட்டும் மனைவி கேட்டாள். எனக்கு எரிச்சலாக இருந்தது.

அதற்குப் பிறகு பத்து நாள் இருக்கும், கும்பப்பூ போகத்து நடவு மும்முரமாக நடந்துகொண்டிருந்த ஒரு காலை. காலில் சேறு காயாமல் ஒரு பெண் ஓடிவந்தாள். தோளில் எட்டு மாதக் குழந்தை, காய்ச்சலில் கொதித்து, கைகால் வெட்டிவெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. எனக்கு அவள் முகம் நினைவிருந்தது. அன்று வரிசையில் நின்று எல்லாவற்றையும் பார்த்தவள். டாக்டர் குழந்தையை வாங்கி மேசையில் கிடத்திக்கொண்டே, “கேளும்” என்றார். அவளை வராந்தாவுக்குக் கூட்டிப் போனேன்.

கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்பதை மட்டும் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவள் முகத்துக்கு நேரே விரலை நீட்டி, “ஏட்டி, நீயும் அபினி குடுத்தியா?” என்று கத்தினேன்.

அவள் என் விரலைப் பார்த்தாள். “இல்ல சாரே. பாலு மட்டுந்தான் குடுத்தேன்.”

சொல்வதற்கு முன் அவள் தயங்கியதை நான் கவனித்தேன். பொய்யோ என்று சந்தேகமும் தட்டியது. பக்கத்தில் போய், “பயப்படாத மக்கா, உள்ளதச் சொல்லு” என்று தணிவாக இன்னொரு தரம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அவளிடம் போய்த் தணிவதா என்று இருந்தது எனக்கு. “ஒன்றும் கொடுக்கவில்லையாம்” என்று உள்ளே வந்து டாக்டரிடம் சொல்லிவிட்டேன்.

வலிப்பை அடக்கக் குளோரல் என்ற தூக்கமருந்து சேர்ந்த மிக்சர் எழுதினார். நான்தான் அளந்தேன். அளவில் துளி பிசகில்லை. வலிப்பு நின்றது. அரைமணி நேரத்தில் குழந்தையின் மூச்சு தளர ஆரம்பித்தது. டாக்டர் இமையை விலக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். கண்மணி ஊசிமுனையளவுக்குச் சுருங்கியிருந்தது. “அபினி” என்றார். அபினி பாதி அடக்கி வைத்திருந்த மூச்சை எங்கள் மருந்து முழுக்க அடக்கிக்கொண்டிருந்தது. ஊசி போட்டார். வாயில் வாய் வைத்து ஊதினார். உச்சிப்பொழுதுக்கு முன்னே குழந்தை போய்விட்டது.

“நீர் கேட்டீர் அல்லவா?” என்றார் டாக்டர்.

“கேட்டேன் சார். இல்லை என்று சொன்னாள்.”

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. தாய் மறைத்துவிட்டாள் என்று அவர் எழுதிவைத்தார். தகவல் தெரிந்து வேறு வயலிலிருந்து ஓடிவந்த அவள் புருஷன், வராந்தாவில் அத்தனை பேர் முன்னிலையில் அவளை அடித்தான். “எதுக்குட்டி மறச்ச? சொல்லு, எதுக்கு மறச்ச?” என்று கேட்டுக் கேட்டு அடித்தான். கம்பவுண்டர் ஏசுவாரு என்று பயந்தேன் என அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என்னை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தாள், அவ்வளவுதான். நான் அறைக்குள் போய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த அளவுக்குவளையை மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தேன். அடி விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. வெட்கங்கெட்ட ஜென்மம் நான்.

பிறகு யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. வேலையில் பக்குவம் வந்துவிட்டது என்று டாக்டர் பாராட்டினார். அதையும் வாங்கிக்கொண்டேன்.

இரண்டு வருடம் கழித்து அவள் இன்னொரு கைக்குழந்தையோடு மருந்து ஜன்னலுக்கு வந்தாள். சளியும் இருமலும்தான், பயப்பட ஒன்றுமில்லை. நான் வாய் திறப்பதற்கு முன்பே, மூச்சு விடாமல் சொல்ல ஆரம்பித்தாள்.

“காலத்த பாலு குடுத்தேன் சாரே. நேத்து வசம்பு ஒரசி நாக்குல தேச்சேன். முந்தாநாளு பக்கத்து வீட்டு அக்கா ஒரு சங்கு ஓமத்தண்ணி குடுத்தாவ. அபினி குடுக்கல்ல. வேற ஒண்ணும் குடுக்கல்ல. எல்லாம் சொல்லிட்டேன் சாரே. இந்தப் பிள்ளைய நான் கொல்லமாட்டேன்.”

உன் பிள்ளையை நீ கொல்லவில்லை என்று சொல்வதற்கு வாய் வரை வந்தது. அவளுக்குப் பின்னால் பத்திருபது பேர் நின்றார்கள். அவர்கள் முன்னால் எப்படிச் சொல்வது என்று தோன்றியது. குலுக்கி மூன்று வேளை கொடுக்கச் சொல்லி மிக்சரை நீட்டினேன். அவள் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.