நாடுகளுக்குக் காய்ச்சல் பார்த்தவர்

டிரெஸ்ஸர் ஆரோக்கியசாமி தடுப்புக்காவல் கேம்பில் இறந்த செய்தி ஆங்கிலத்தில் வந்தது. அதனால் அவர் மனைவி மரியம்மா அந்தக் கடிதத்தைத் தேயிலைத் தொழிற்சாலை ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருக்கும் என்னிடம் எடுத்துவந்தார். "கேம்ப்லேருந்து கடுதாசி வந்திருக்குண்ணே. அவர விட்டுர்றாங்களாமா? படிச்சுச் சொல்லுங்க" என்றார். நாலே வரி. படித்து முடித்த என் முகத்தைப் பார்த்தே அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

டிரெஸ்ஸருக்காக இன்று மாதா கோயிலில் கூடியிருக்கும் உங்களில், நம் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்த அவரிடம் ஊசி போட்டுக்கொள்ளாதவர் யாருமில்லை. மருந்து கசக்கிறது என்றால், "பின்ன, பாயாசமா குடுப்பாங்க?" என்பார். அவருக்கு இன்னொரு வேலை இருந்தது பலருக்குத் தெரியாது. ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில்பாதைக்குப் போன அவர் தம்பி திரும்பவேயில்லை. நாட்டுக்கும் நாட்டுக்கும் சண்டை எப்படி மூளுகிறது என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று அன்றிலிருந்து பிடிவாதமாக இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து என் வீட்டுக்கு வருவார். பிரிஞ்சாங் டவுனில் பாய் கடையில் சாமான் மடித்துத்தரும் பழைய ஆங்கிலப் பேப்பர்களை நான் படித்துச் சொல்வேன். அவர் ஆஸ்பத்திரியின் காய்ச்சல் சார்ட்டை விரித்து, நோயாளி பெயர் எழுதும் இடத்தில் இரண்டு நாடுகளின் முதலெழுத்தைப் போடுவார். ஒரு நாடு மிரட்டினால் புள்ளி ஏறும். தூதர் போய்ப் பேசினால் இறங்கும். "ஜன்னி கண்டப்புறம் எல்லாரும்தான் ஓடியாருவாங்க. மொத நாள் ஒடம்பு சுட்டப்ப எவன் தொட்டுப் பார்த்தான்? அதச் சொல்லுய்யா கிராணி" என்பார்.

ஒருநாள் சார்ட்டுகளைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னார்: "எல்லாத்துலயும் ஒரு எடம் வருதுய்யா. சண்டைய முடிவு பண்ற ரூம்லயே உண்மை தெரிஞ்ச ஒருத்தன் இருக்கான். வேலை போயிரும்னு வாயத் தொறக்க மாட்றான். அதுக்கப்புறம் காய்ச்சல் எறங்கவே இல்ல."

நான் சிரித்தேன். "ஒரு ஆள் வாயத் தொறந்தா பட்டாளம் நின்னுருமா, டிரெஸ்ஸரே?"

"நிக்காமயும் போவலாம் லா. தொறந்து பார்த்தவன்தான் ஒருத்தனும் இல்லியே."

கம்பிவேலிக்குள் நம்மை அடைத்து அரிசியை அளந்து கொடுக்கும் காலம் இது. காட்டில் ஒளிந்து வெள்ளைக்காரனோடு சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்கு மருந்து போகிறதா என்று ஆஸ்பத்திரியைச் சோதித்த போலீஸ் இன்ஸ்பெக்டர், ஊரில் இல்லாத நோயாளிகளுக்கு ஒரு கட்டு சார்ட் இருப்பதைக் கண்டார். ரகசியக் குறிப்பு என்று முடிவுகட்டி, டிரெஸ்ஸரை நான் இருந்த ஆபீசுக்குக் கூட்டிவந்தார். டிரெஸ்ஸர் சொன்ன எதையும் அவர் நம்பவில்லை. இது என்னவென்று உனக்குத் தெரியுமா என்று என்னிடம் கேட்டார்.

மேலாகக் கிடந்த சார்ட்டில் தேதிகளைப் போட்டது நான்தான். தெரியும் என்றால் என்னையும் போலீஸ் வண்டியில் ஏற்றுவார்கள். எஸ்டேட் கொடுத்த வீடும் போய் என் மூன்று பிள்ளைகளும் தெருவில் நிற்கும். "தெரியாது" என்றேன்.

டிரெஸ்ஸர் என்னைப் பார்த்தார். கிராணிதான் படித்துச் சொன்னார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "நான் தனியாத்தான் எழுதுனேங்க" என்றார். எட்டு மாதம் கேம்பில் இருந்தார். காய்ச்சலில் போனார் என்கிறது கடிதம்.

அவர் பாதியில் விட்ட சார்ட் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை வைத்துக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை? எரிக்கவும் மனம் வரவில்லை.

கடிதம் வந்த அன்று ஆபீஸ் தரையில் உட்கார்ந்தபடி மரியம்மா கேட்டார்: "அந்தச் சார்ட்டுல என்னதாண்ணே இருந்துச்சு? ஒங்களுக்கும் தெரியாதா?" அப்போதும் நான் பதில் சொல்லவில்லை.

வண்டி வந்தால் வரட்டும். எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். தெரியும், தங்கச்சி. அன்றைக்கே தெரியும்.