எலும்பு அறை யாருக்கு

நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவருக்கு எங்கள் ஆய்வகத்தில் நீலக்கை என்று பெயர். நோய் என்னவென்று பார்க்க வரும் எலும்புச் சீவல்களுக்குச் சாயம் போட்டுப் போட்டு நகமெல்லாம் நீலம் ஏறிவிட்டது. கையுறை போட்டுக்கொள்ளச் சொன்னால், போட்டால் கை வேலை செய்யாது என்பார். சீவல்களை வெட்டிக் கொடுக்கிறவள் நான். அதனால் அவருடைய அலட்டல் முழுவதும் என் காதில்தான் விழும். கெட்டிக்காரர், நான் மறுக்கவில்லை. தன்னைவிடக் கெட்டிக்காரர் பக்கத்தில் நின்றால் மட்டும் அவருக்குச் சோறு இறங்காது.

அப்படி வந்து நின்றவர் அவருடைய மனைவியாகப் போனதுதான் கொடுமை.

பிள்ளைகள் பெரிதானதும், படித்த படிப்பு வீணாகக் கூடாதென்று அண்ணி எங்கள் ஆய்வகத்துக்கே வேலைக்கு வந்தார். முதல் மாதம் அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. "என் பக்கத்துல நின்னு பார்த்தாலே போதும், தானா வந்துடும்" என்று எல்லோரிடமும் சொன்னார். சொன்னபடியே வந்துவிட்டது. அதை அவர் எதிர்பார்க்கவில்லை.

எலும்பு லேசில் வழிக்கு வராது. அமிலத்தில் ஊறப்போட்டுச் சுண்ணாம்பை இறக்கினால்தான் என் கத்திக்கே பணியும். கண்ணாடித் துண்டில் ஒட்டிய சீவலை முதலில் நீலச் சாயத்தில் முக்க வேண்டும். உயிரணுக்களின் கரு அதைப் பிடித்துக்கொள்ளும். மிச்ச நீலத்தைக் கழுவிவிட்டு, எதிர்ச்சாயமாகச் சிவப்பு. அது எலும்பு முழுக்க ரோஜா நிறத்தில் படியும். சிவப்பு கூடினால் நீலம் அமுங்கிவிடும், அப்புறம் டாக்டர் எதைப் பார்ப்பார்? அண்ணன் சிவப்பைக் கொஞ்சம் தூக்கலாகத்தான் விடுவார். அண்ணியோ கூடின சிவப்பு போக ஆல்கஹாலில் அலசி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்து, மறுபடி அலசி, போதும் என்று தோன்றினால்தான் நிறுத்துவார்.

ஒருநாள் பெரிய டாக்டர் சாயம் போட்ட கண்ணாடித் துண்டு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டே வந்து, "இது யார் போட்டது? பிரமாதம்!" என்றார். அண்ணி கையைத் தூக்கினார். அண்ணன் குழாயைத் திறந்துவிட்டு, கழுவிய ஜாடியையே திரும்பக் கழுவினார்.

அன்றிலிருந்து மனுஷனுக்கு வயிற்றெரிச்சல். அண்ணி கட்டிக் கொடுத்த சாப்பாட்டில் உப்பில்லை என்பார். அதே டப்பாவை வழித்துத் தின்பார். புதிதாக வடிகட்டிய நீலத்தைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, பழசை அண்ணியின் பக்கம் தள்ளுவார். அண்ணி அலசும்போதெல்லாம் ஓரக்கண்ணால் பார்த்து, எத்தனை தரம் என்று வாய்க்குள்ளேயே எண்ணுவார். "என்ன அண்ணே, மந்திரமா?" என்று கேட்டேன். "உன் வேலையைப் பாரு" என்று எரிந்து விழுந்தார்.

இந்த நிலைமையில்தான் எலும்புக்கென்று தனி அறை வந்தது. அதற்குப் பொறுப்பாக ஒருவரைப் போடவேண்டும். இருவருக்கும் அது வேண்டும். அண்ணி வாய்விட்டே கேட்டார், அண்ணன் கேட்கவே வேண்டாம், தனக்குத்தான் என்றிருந்தார். டாக்டர் யாரையும் பகைத்துக்கொள்ள விரும்பாமல் ஒரு வழி சொன்னார். ஒரே எலும்பிலிருந்து ஆளுக்கொரு சீவல். சாயம் போட்டு முடித்ததும் நான் வாங்கி எண் ஒட்ட வேண்டும். எது யாருடையது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

எல்லோரும் நுண்ணோக்கியைச் சூழ்ந்துகொண்டோம். முதலில் அண்ணன் பார்த்தார். ஒன்றாம் எண் பரவாயில்லை. இரண்டாம் எண்ணில் எலும்பின் குழிகளுக்குள் ஒவ்வொரு கருவும் பளிச்சென்று நீலமாக உட்கார்ந்திருந்தது, சுற்றிலும் மெல்லிய ரோஜா நிறம். அதைப் பார்த்ததும் அவர் முகம் சுண்டியது. இவ்வளவு நன்றாக இருந்தால் அது அவளுடையதுதான் என்று முடிவு கட்டிவிட்டார்.

"ரெண்டாவது சரியில்ல டாக்டர். சிவப்பு பிடிக்கவே இல்ல. அலசி அலசியே கெடுத்திருக்காங்க. இதையெல்லாம் நம்பி ஒரு அறையைக் கொடுக்கிறதா?"

எனக்கு நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

அண்ணி வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "கெடுக்கல. நான் எங்கே நிறுத்துவேனோ, அதே இடத்துல நிறுத்தியிருக்கு. ஆனா இது நான் போட்டது இல்ல."

டாக்டர் என்னைப் பார்த்தார். "ரெண்டு, அண்ணனோடது" என்றேன்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டாக்டருக்கும் சிரிப்புதான், ஆனாலும் தானும் குனிந்து இரண்டையும் பார்த்து முடிவைச் சொன்னார். இரண்டாம் எண்தான் மேல், அறை அண்ணனுக்கு.

அறை கிடைத்த மனுஷன் அன்று முழுக்க யார் முகத்திலும் விழிக்கவில்லை. சாயங்காலம் நான் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அண்ணி தொட்டியில் ஜாடிகளை நங்கு நங்கென்று வைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போய் நின்றார்.

"கோவமா?"

"கோவம் என்ன கோவம். பொறாமை. நான் நிறுத்துற இடத்தை எண்ணிப் பார்த்துத் திருடிக்கிட்டு, என்னையே ஜெயிச்சிட்டீங்க. மத்தியானத்துல இருந்து வயிறு எரியுது, ஒரு வாய் இறங்கல."

அண்ணி குழாயை மூடிவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"அரை நாளுக்கே எனக்குத் தாங்கலையே. இதை வச்சுக்கிட்டு இத்தனை நாள் என் பக்கத்துல எப்படிங்க படுத்துத் தூங்கினீங்க?"