சந்தனம் மறைத்த எட்டு

தேவசகாயம் அண்ணாச்சி போய்விட்டார் என்ற செய்தி செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. பழைய தேர்வுப் பிரிவு நண்பர்கள் மூன்று பேர் அடுத்தடுத்து அழைத்துச் சொன்னார்கள். மூன்று பேர் சொல்லியும் நம்பாமல் அண்ணாச்சியின் எண்ணுக்கே போன் போட்டேன். அவர் மனைவி எடுத்தார். "உங்க அண்ணாச்சி நம்மள விட்டுட்டுப் போயிட்டாவ தம்பி" என்றார்.

நேரே உரியவரிடம் கேட்கிற பழக்கம் எனக்கு அவரிடமிருந்து ஒட்டிக்கொண்டது. நண்பர்களே, அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு இது தெரியும். யாரைப் பற்றி எது காதில் விழுந்தாலும், "அவன்கிட்டயே கேளும்வே" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார்.

தொண்ணூறுகளின் கடைசியில், பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் பிரிவில் நான் தற்காலிக ஊழியன். அவர் தேர்வுப் பிரிவு கிளார்க். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். ஹால் டிக்கெட் அடித்துக்கொண்டிருந்த பிரிண்டர் ஒருநாள் உயிரை விட்டது. வேறொரு அலுவலகம் கழித்துப்போட்ட நெட்வொர்க் பிரிண்டரை வாங்கி, நம் லினக்ஸ் கம்ப்யூட்டரோடு சேர்த்து ஓட்டிக் காட்டுகிறேன் என்று சூப்பிரண்டிடம் மார்தட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பூஜை லீவு முடிஞ்சு வாற வெள்ளிக்கிழமை ஹால் டிக்கெட் பிள்ளைக கையில இருக்கணும். இல்லேன்னா உம்ம இடத்துக்கு வேற ஆளப் பாத்துக்கிடுவேன்."

பிரிண்டர் வந்து இறங்கியது ஆயுத பூஜைக்கு முந்தின நாள். புது விருந்தாளியாயிற்றே என்று அதற்கு முன்னும் பின்னும் நானே சந்தனம் குங்குமம் வைத்தேன். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற அண்ணாச்சிதான் பொரி கடலைக்கு முதல் ஆளாகக் கை நீட்டினார்.

விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலையைத் தொடங்கினேன். அந்தப் பழைய பிரிண்டருக்கு முகவரியை நாமாகத் தட்டிக் கொடுக்க முடியாது. ஆன் செய்ததும், 'என் எண் இது, என் முகவரி என்ன?' என்று அதுவே நெட்வொர்க்கில் கேட்கும். முதுகில் ஒட்டியிருக்கும் சீட்டில் அந்த எண் பன்னிரண்டு எழுத்தில் இருக்கும். அதையும் கொடுக்க வேண்டிய முகவரியையும் லினக்ஸில் ஒரு கோப்பில் எழுதி வைத்தால் பதில் போய்விடும். எழுதி வைத்தேன். பதில் போகவில்லை. கேபிளை மாற்றினேன். லினக்ஸையே அழித்துவிட்டு மறுபடி போட்டேன். மதுரையில் இருந்த நண்பனுக்கு எஸ்டிடி போட்டுக் கேட்டேன். புதன்கிழமை மத்தியானம் சாப்பிடப் போகாமல் பிரிண்டர் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன்.

சாப்பிட்டுவிட்டு வந்த அண்ணாச்சி பிரிண்டரின் முதுகை எட்டிப் பார்த்தார். "இந்தச் சின்னப் பொத்தான் எதுக்குவே?"

"அது சும்மா டெஸ்ட் பண்ணுத பொத்தான் அண்ணாச்சி."

"ஊரெல்லாம் கேட்டுட்டீரு. இவன்கிட்ட கேட்டீரா?" என்று சொல்லிக்கொண்டே அமுக்கிவிட்டார். பிரிண்டர் கனைத்துக்கொண்டு தன்னைப் பற்றிய விவரங்களை ஒரு தாளில் அடித்துத் தள்ளியது.

அவருக்கு லினக்ஸ் தெரியாது. ஆனால் வருஷம் முழுக்க பதிவெண்களை ஒத்துப் பார்க்கிறவர். தாளில் அடிஸ்கேலை வைத்து எழுத்தெழுத்தாக வாசித்தார். நான் திரையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒன்பதாவது எழுத்தில், "எட்டு" என்றார்.

"எட்டா? நான் மூணுல்லா போட்டிருக்கேன்!"

தாளில் அந்த எட்டைப் பென்சிலால் சுழித்தார். கைக்குட்டையை நனைத்து, பிரிண்டரின் முதுகிலிருந்த சீட்டைப் பையத் துடைத்தார். பழுத்து மஞ்சளாகியிருந்த சீட்டில் சந்தனம் நிறம் தெரியாமல் காய்ந்து எட்டின் இடப்பக்கத்தை மூடியிருந்தது.

"பொட்டு வச்சது யாருவே?"

"நான்தான்."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது.

மூன்றை எட்டாக்கினேன். முகவரி கிடைத்துவிட்டது. முதல் ஹால் டிக்கெட் வந்தது. ஒவ்வொரு வரியும் முந்தின வரி முடிந்த இடத்திலிருந்து தொடங்கி, படிப்படியாகச் சரிந்திருந்தது. "என்னவே, எழுத்தெல்லாம் குறுக்குத்துறை ஆத்துக்குக் குளிக்கக் கிளம்பிட்டு?" என்றார் அண்ணாச்சி. அது எனக்குத் தெரிந்த நோய்தான். வரி முடிந்ததும் இடது ஓரத்துக்குத் திரும்பு என்று லினக்ஸ் சொல்லாது. அதைத் தானே சேர்த்துக்கொண்டு அடிக்கிற இன்னொரு வழியும் பிரிண்டரில் தனிப் பெயரோடு இருந்தது. கோப்பில் அந்தப் பெயரைப் போட்டதும் அடுத்த தாள் ஒழுங்காக வந்தது.

வெள்ளிக்கிழமை பிள்ளைகள் ஹால் டிக்கெட்டோடு போனபின் சூப்பிரண்டு வந்தார். "அந்த மூணு நாளும் என்ன கோளாறு?" என்று அண்ணாச்சியிடம்தான் கேட்டார். மின்சாரத்தின் மேல் பழியைப் போட்டு நான் ஒரு கதை தயாராக வைத்திருந்தேன். கரண்ட் தகராறு என்று அண்ணாச்சி ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் தலையை நிமிர்த்தாமல், "இவர்கிட்டயே கேளுங்க சார்" என்றார்.

வேலை போயிற்று என்றே நினைத்தேன். ஆனாலும் வாயிலிருந்து சந்தனக் கதைதான் வந்தது. சூப்பிரண்டு சுற்றிப் போய்ப் பிரிண்டரின் முதுகைப் பார்த்தார். "அடுத்த வருஷம் பொட்டு முன்னால மட்டும் வையும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த ஜூனில் என்னை நிரந்தரமாக்கச் சொல்லி எழுதியவரும் அவரே. 'தவறு செய்தால் மறைக்க மாட்டார்' என்று அந்தக் கடிதத்தில் ஒரு வரி இருந்தது.

பென்சில் சுழி போட்ட அந்தத் தாள் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அன்றைக்கு அண்ணாச்சி என்னை மாட்டிவிட்டாரா, நான் உண்மையைச் சொல்வேன் என்று நம்பித்தான் விட்டாரா? நம்பினார் என்பதில் எனக்கு இன்று சந்தேகமே இல்லை. ஆனாலும் இத்தனை வருஷத்தில் இதை உங்கள் ஒவ்வொருவரிடமும் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அவரிடம் மட்டும் கேட்கவேயில்லை.