வெள்ளைத்தாடி வந்த வியாழக்கிழமை

அந்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு 'வெள்ளைத்தாடி' என்ற ராக் குழுவின் முதல் பாட்டு யூடியூபில் வெளியானது. குழுதான் புதுசு, ஆட்கள் பழசு. நாலு பேரில் மூன்று பேருக்கு அறுபது தாண்டிவிட்டது. கிதார் வாசிப்பவர் ஒரு காலத்தில் சென்னையில் கொடிகட்டிப் பறந்தவர். கீபோர்டுக்காரருக்குக் கோயம்புத்தூர். மற்ற இரண்டு பேரும் மதுரையில் 'கந்தகம்' குழுவில் இருந்தவர்கள். பாடகர் லட்சுமிகாந்தம், டிரம்ஸ் ஜெயசுந்தர். இவர்கள் இரண்டு பேரும் மறுபடி ஒரே மேடையில் நிற்பார்கள் என்று காலை ஒன்பதே முக்காலுக்குச் சொல்லியிருந்தால், சொன்னவனைத்தான் ஒரு மாதிரி பார்த்திருப்பார்கள்.

பாட்டுக்குக் கீழே ரசிகர்கள் எழுதிக் குவித்தார்கள். ஒருவர் பஸ்ஸில் உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பதாக எழுதினார். இன்னொருவர், மூட்டுவலித் தைலத்துக்கு விளம்பரம் பண்ணவா சேர்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். துபாயில் இருக்கும் ஒருவர் முதல் கச்சேரி எந்த ஊரில் என்றாலும் லீவு போட்டுவிட்டு வருவேன் என்றார். லட்சுமிகாந்தம் கட்சியும் ஜெயசுந்தர் கட்சியும் பழக்கதோஷத்தில் அங்கேயும் ஒரு சுற்று ஏசிக்கொண்டன. தலைவர்கள் சமாதானமாகிவிட்டார்கள் என்பது தொண்டர்களுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும் அல்லவா!

ஜெயசுந்தர் கட்சியில் மிகத் தீவிரமான தொண்டர் மட்டும் அந்தப் பாட்டைக் கேட்கவில்லை. குருவம்மாளுக்கு வயது நாற்பத்தேழு. எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசு கம்பெனியில் கம்பி மத்தாப்பைப் பெட்டியில் அடுக்கும் வேலை. கம்பெனிக்குள் யாரும் போன் கொண்டுபோகக் கூடாது. காலையில் கேட்டில் இருக்கிற மரப்பெட்டியில் போட்டுவிட்டுப் போனால் சாயந்தரம் ஐந்து மணிக்குத்தான் கையில் கிடைக்கும். உலகத்தில் என்ன நடந்தாலும் குருவம்மாளுக்கு அது ஐந்து மணிக்கு மேல்தான் நடக்கும்.

அவள் கந்தகத்துக்கு ரசிகையானது பதினெட்டு வயதில். ஆமத்தூர்ப் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். கட்டை என்பது மரச் சட்டம். அதில் தீக்குச்சிகளை ஒவ்வொன்றாக வரிசையாக அடுக்கி நிரப்ப வேண்டும். எத்தனை கட்டையோ அத்தனைக்குத்தான் கூலி. அங்கே ஒரு டேப் ரிக்கார்டர் உண்டு. மெதுவான பாட்டுப் போட்டால் பெண்களின் கையும் மெதுவாகப் போகிறது என்று கண்டுபிடித்த கணக்கப்பிள்ளை, கந்தகம் கேசட்டை வாங்கி வந்து போட்டார். ஜெயசுந்தர் அடித்த அடியில் குச்சிகள் தானாகப் போய்க் கட்டையில் உட்கார்ந்தன. முதல் பாட்டு முடியும்போது கட்டை முக்கால்வாசி நிரம்பியிருக்கும். குழுவின் பெயரே கந்தகம் என்பதால் அது தீப்பெட்டி ஆபீஸ்காரர்களுக்காகவே ஆரம்பித்த குழு என்று பாதிப் பேர் நம்பினார்கள். குருவம்மாளும் நம்பினாள்.

பக்கத்தில் உட்கார்ந்து கட்டை அடுக்கியவள் ஜெமிமா. நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைக்கும்வரை வேலைக்கு வந்தவள். சர்ச் பாடகர் குழுவில் பாடுகிறவள் என்பதால் அவளுக்குக் குரல்தான் முக்கியம். லட்சுமிகாந்தத்தின் தொண்டைக்கு அடிமை. "அடி இல்லாம பாட்டு ஏதுடி" என்பாள் குருவம்மாள். "பாட்டு இல்லாம அடிச்சா அதுக்குப் பேரு தகர டப்பா" என்பாள் ஜெமிமா. இரண்டு பேரும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டார்கள். மல்லாங்கிணற்றில், விருதுநகரில், எங்கே கந்தகம் கச்சேரி நடந்தாலும் ஒரே சைக்கிளில் போனார்கள். ஜெமிமா படித்து முடித்து மதுரையில் வேலைக்குச் சேர்ந்த பிறகும், குருவம்மாளுக்கு முத்துப்பாண்டியோடு கல்யாணமாகி மகள் பிறந்த பிறகும், கச்சேரி என்றால் இரண்டு பேரும் முதல் வரிசையில் நின்றார்கள்.

இரண்டாயிரத்து நாலில் விருதுநகர்ப் பொருட்காட்சி மேடையில்தான் எல்லாம் கெட்டது. பாட்டின் நடுவில் லட்சுமிகாந்தம் திரும்பி ஏதோ சொன்னார். ஜெயசுந்தர் குச்சிகளை வீசிவிட்டு இறங்கிப் போய்விட்டார். கந்தகம் அன்றோடு உடைந்தது. என்ன சொன்னார் என்பது யாருக்கும் தெரியாது. தெரியாதது ரசிகர்களுக்கு எப்போதுமே வசதி. "மனுசனை அம்புட்டுப் பேருக்கு முன்னாடி கேவலப்படுத்திட்டான்" என்றாள் குருவம்மாள். "பாதிப் பாட்டுல விட்டுட்டுப் போறவன் மனுசனா" என்றாள் ஜெமிமா. வழக்கமான சண்டைதான், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று இரண்டு பேருமே நினைத்தார்கள்.

அந்த ஆவணியில் ஜெமிமாவுக்குக் கல்யாணம். குருவம்மாள் பாத்திரக் கடையில் பெரிய எவர்சில்வர் குடம் ஒன்று வாங்கி, 'ஜெமிமாவுக்கு அன்புடன் குருவம்மாள்' என்று பெயர் வெட்டி வைத்திருந்தாள். பிறகுதான் வரவேற்பில் லட்சுமிகாந்தத்தின் புதுக் குழு பாடுகிறது என்று தெரிந்தது. அவன் பாடுகிற இடத்தில் கால் வைக்க மாட்டேன் என்று வீட்டில் உட்கார்ந்துவிட்டாள். முத்துப்பாண்டி எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். வீம்பு பிடித்தவளிடம் நியாயம் எடுபடுமா?

பெயர் வெட்டிய குடத்தை வேறு யாருக்கும் கொடுக்கவும் முடியாது. பரணில் ஏற்றிப் புளி போட்டு வைத்தாள். ஒவ்வொரு முறை புளி எடுக்கும்போதும் அந்தப் பெயர் கண்ணில் பட்டது. முதல் வருசம் கோபம் வந்தது. அப்புறம் வெட்கம் வந்தது. போய்ப் பேசலாம் என்று நினைத்து நினைத்தே இருபத்தோரு வருசம் ஓடிவிட்டது. ஜெமிமா போல இன்னொருத்தி அவளுக்குக் கிடைக்கவில்லை. இதை அவள் யாரிடமும் சொன்னதும் இல்லை.

அந்த வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வாட்ச்மேன் சங்கிலிமுத்து பேக்கிங் அறை வாசலில் வந்து நின்றார். மூச்சு வாங்கியது.

"ஏ குருவு, ஆஸ்பத்திரியிலருந்து போனு. சிவகாசியில இருந்து. தீக்காய வார்டு நர்ஸு பேசுறாக. ஒன் பேரைச் சொல்லித்தான் கேட்டாக. கூப்பிடுறேன், லயன்ல இருங்கன்னேன். அதுக்குள்ள கட்டாயிருச்சு."

அறையில் இருந்த பன்னிரண்டு பெண்களின் கைகளும் அப்படியே நின்றன. அந்தப் பக்கத்தில் தீக்காய வார்டிலிருந்து பட்டாசு கம்பெனிக்குப் போன் வந்தால் எதற்கு என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. முத்துப்பாண்டி நாலு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கம்பெனியில் பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்துகிற வேலை பார்க்கிறான்.

குருவம்மாள் கேட்டுக்கு ஓடினாள். பெட்டியிலிருந்து போனை எடுத்தபோது திரையில் ஏதோ புதுப் பாட்டு என்று ஒரு வரி கிடந்தது. படிக்காமல் தள்ளிவிட்டுப் புருசனுக்கு அடித்தாள். மணி அடித்து அடித்து நின்றது. அவன் போனும் அவன் கம்பெனி கேட்டில் இதே போல ஒரு பெட்டிக்குள் கிடக்கும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் அடித்தாள். அந்தக் கம்பெனி லேண்ட்லைன் ஒரு மாதமாகச் செத்துக் கிடந்தது. ஆஸ்பத்திரி நம்பருக்கு அடித்தால் யாரும் எடுக்கவில்லை.

"வெடிச் சத்தம் எதுவும் கேக்கலயேக்கா" என்றான் போர்மேன் காமராஜ்.

"தீப்பிடிச்சா சத்தம் எதுக்குப்பா கேக்கணும்?"

காமராஜ் பைக்கை எடுத்தான். வழி முழுக்கக் குருவம்மாள் பின்னால் உட்கார்ந்து புருசனுக்குப் போன் அடித்துக்கொண்டே வந்தாள். பத்தொன்பது தடவை. காலையில் சட்னிக்கு உப்புப் பத்தவில்லை என்று அந்த மனுசன் சொன்னதற்காக அவனிடம் எரிந்து விழுந்தது ஞாபகம் வந்தது.

ஆஸ்பத்திரியில் இரண்டு மாடி ஏறி, வெள்ளி மருந்துத் துகள் ஒட்டிய கையோடு வார்டு வாசலுக்கு வந்தாள். மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட, முன்தலை நரைத்த நர்ஸ் ஒருத்தி எழுந்தாள். குருவம்மாளின் முகத்தைப் பார்த்தாள். அவள் முகமும் வெளுத்துப் போனது.

"யாருக்கும் ஒண்ணுமில்ல குருவு. அண்ணனுக்கு ஒண்ணுமில்ல. சத்தியமா யாருக்கும் ஒண்ணுமில்ல."

இருபத்தோரு வருசம் கழித்து ஜெமிமா பேசிய முதல் வார்த்தை இதுதான். குருவம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஜெமிமா தண்ணீர் கொண்டுவந்தாள். பாதியைக் குடித்து, பாதியைச் சேலையில் கொட்டிக்கொண்டு, அழுது முடித்த பிறகுதான் குருவம்மாளுக்குக் கோபம் வந்தது.

"பின்ன எதுக்குடி கூப்பிட்ட? வார்டுல இருந்து கம்பெனிக்குப் போன் போட்டா என்ன நெனப்பாகன்னு ஒனக்குத் தெரியாது?"

"தெரியும். நாந்தானே அம்புட்டுப் பேருக்கும் போன் போடுறவ." ஜெமிமா குரல் இறங்கியது. "இந்த ஊருக்கு வந்து எட்டு மாசமாச்சு. ஒங்க ஊர்க்காரம்மா ஒருத்தர்கிட்ட நீ எங்கன வேலை பாக்கேன்னு கேட்டு நம்பர் வாங்கி வச்சேன். கூப்பிடத்தான் தைரியம் வரல. இன்னைக்குப் பாட்டைப் பாத்ததும் மறந்துட்டேன்டி. எங்க இருந்து பேசுறேன்னே மறந்துட்டேன். வாட்ச்மேன் போயிட்டாரு, இங்க ஒரு பேசண்ட் கத்துனாரு, வச்சுட்டேன்."

"என்ன பாட்டு?"

ஜெமிமா ஆச்சரியமாகப் பார்த்தாள். பிறகு போனை எடுத்து நீட்டினாள். லட்சுமிகாந்தமும் ஜெயசுந்தரும் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றார்கள். இருவருக்கும் பெயருக்கு ஏற்ற தாடி. குருவம்மாள் போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"சேந்துட்டானுகளா?"

"சேந்து பதினஞ்சு வருசமாச்சாம். பாட்டுக்குப் பின்னால ஒரு பேட்டி இருக்கு, அதுல சொல்றாக. ஜெயசுந்தர் அம்மா செத்ததுக்கு லட்சுமிகாந்தம் போனாராம். அன்னைக்கே பேசிட்டாகளாம். அதுல இருந்து வாராவாரம் ஞாயித்துக்கிழமை ஒருத்தர் வீட்டுல ஒருத்தர் சாப்பிடுறாகளாம். ரசிகர்களுக்கு எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டாகளாம்."

"பதினஞ்சு வருசமா கறிச்சோறு தின்னுட்டு இருக்கானுக" என்றாள் குருவம்மாள். "நாம என்னடி பண்ணிட்டு இருந்தோம்?"

குருவம்மாள் ஜெமிமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒன் கல்யாணத்துக்கு நான் வந்திருக்கணும்."

"பாதிரியார் பேசினது ஒண்ணும் காதுல விழல எனக்கு. வாசலையேதான் பாத்துட்டு நின்னேன்."

பிறகு பாட்டைக் கேட்டார்கள். வார்டு என்பதால் சத்தத்தைக் குறைத்து வைத்து, இரண்டு பேரும் போனில் காதை ஒட்டிக்கொண்டு கேட்டார்கள். லட்சுமிகாந்தத்துக்கு மேல் ஸ்தாயி எட்டவில்லை; அதை ஜெமிமாவே ஒத்துக்கொண்டாள். ஜெயசுந்தரின் அடி பழையபடி இல்லை, நிதானமாக இருந்தது. இந்த அடிக்குக் கட்டை பாதிதான் நிரம்பும் என்று குருவம்மாள் சொன்னாள். இருந்தாலும் இன்னொரு தடவை போடச் சொன்னாள். காமராஜிடம் அரை நாள் லீவு சொல்லி அவனை அனுப்பிவிட்டாள். ஜெமிமாவின் வேலை மூன்று மணிக்கு முடிந்தது.

ஐந்தேகாலுக்கு முத்துப்பாண்டியிடமிருந்து போன் வந்தது. கேட்டில் போனை எடுத்துத் திரையைப் பார்த்தவன் அரண்டு போயிருந்தான்.

"என்னாச்சு? பத்தொம்பது தடவை அடிச்சிருக்க? பிள்ளைக்கு ஏதும் இல்லையே?"

"ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல. நான் சிவகாசியில ஜெமிமா வீட்டுல இருக்கேன். நீங்களும் இங்கனதான் சாப்பிடணுமாம், வாங்க."

"எந்த ஜெமிமா?"

"எனக்கு எத்தனை ஜெமிமா? வரும்போது வீட்டுக்குப் போயி, பரண்ல இருக்கிற குடத்தை எடுத்துட்டு வாங்க. புளியை வேற எதுலயாச்சும் கொட்டிருங்க. நல்லா வெளக்கி, பேரு வெட்டுன பக்கம் அழுக்கில்லாம துடைச்சுக் கொண்டாங்க. கல்யாண வீட்டுக்குக் கொண்டு வாரது, ஞாபகம் இருக்கட்டும்."