தழும்பு விழாத கன்னம்

புண்ணுக்குக் கட்டுப் போடுகிற தொழிலில் புண்ணைக்கூடச் சமாளித்துவிடலாம், புண்ணோடு கூட வருகிறவர்களைச் சமாளிக்க முடியாது. சங்கரன்கோயில் ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக இருந்து நான் பட்டதைச் சொல்கிறேன். யுத்தம் முடிந்து சுதந்திரமும் வந்துவிட்ட சமயம். ஆனால் கட்டுத் துணிக்குப் பஞ்சம் தீரவில்லை, அவிழ்த்ததையே அவித்து உலர்த்திக் கட்டுவோம். கம்பவுண்டர், நர்ஸ், மருத்துவச்சி என்று இதே பாடு பட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், நம் தலையெழுத்தை நினைத்து ஒரு பெருமூச்சு விடுங்கள்.

ஆறக் கூடாத புண்

பனவடலிசத்திரத்திலிருந்து விவசாயம் பார்க்கிற ஒரு சம்சாரி வருவார். வரப்புத் தகராறில் பங்காளி மண்வெட்டிக் காம்பால் அடித்து, நெற்றியில் சின்னதாக ஒரு பிளவு. நான் உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து ஆற்றின தண்ணீரில் கழுவிக் கட்டி அனுப்புவேன். அடுத்த தடவை வரும்போது கட்டு அவிழ்ந்திருக்கும், பொருக்கு பிய்ந்திருக்கும், புண் பச்சையாக நிற்கும்.

"இப்படிச் சுரண்டினா நெத்தியில தழும்பு நின்னுபோகும்வே" என்று ஒரு நாள் கத்திவிட்டேன். மனிதர் அசரவில்லை. "கோர்ட்டுல கேஸ் எடுக்க இன்னும் நாள் கெடக்கு. இது ஆறிப்போச்சுன்னா ஜட்ஜிட்ட நான் எதைக் காட்டுவேன்?"

ஆளுக்கொரு மருந்து

பஜாரில் பருத்தி வியாபாரம் பார்த்த அண்ணாச்சி ஒருவர் இருந்தார். அவருடைய மூத்த மகள் கோமதி கிணற்றடியில் வழுக்கி விழுந்து, பித்தளைக் குடத்தின் விளிம்பு கன்னத்தைக் கிழித்துவிட்டது. அப்போது ஆடி மாதம். ஆவணியில் இளையரசனேந்தலிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருவதாகப் பேச்சு. கன்னம் சுத்தமாக ஆறாவிட்டால் கல்யாணம் போய்விடும் என்று அப்பாவும் மகளும் நடுங்கிக்கொண்டு வந்து நின்றார்கள்.

காயம் ஆழமில்லை. ஆனால் அதற்குள் ஒரு பலசரக்குக் கடையே இருந்தது. மேலே காப்பித்தூள், அதற்கு அடியில் சுண்ணாம்பும் மஞ்சளும், அதற்கும் அடியில் கோயில் புற்றுமண். அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, ஈரப் பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்து முடிப்பதற்குள் எனக்கே கண் கலங்கிவிட்டது. இதையெல்லாம் யார் வைத்தது என்று அண்ணாச்சியிடம் எரிந்து விழுந்தேன்.

"பாக்க வந்தவுக ஆளுக்கொண்ணை வச்சாக வே. வேண்டாம்னா சங்கடப்படுவாகள்லா."

கண்ணாடி

தினமும் வரச் சொன்னேன். கழுவி, பொருக்குக் கட்டிக் காய்ந்துபோகாமல் வாஸ்லினை மெல்லிசாகத் தடவி, துணி வைத்து மூடுவேன். பிரிக்கக் கூடாது, சொறியக் கூடாது, வெயில் படக் கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னேன். யார் கேட்டார்கள்? ஆடித் தபசுத் திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரக் கூட்டம் முழுவதும் அம்மனைப் பார்த்த கையோடு வந்து அவள் கட்டையும் பிரித்துப் பார்த்துவிட்டுப் போயிற்று. காற்றுப் பட்டால்தான் ஆறும் என்று துணியையே பிடுங்கி எறிந்தாள் ஒரு சித்தி. மறுநாள் நான் முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.

ஊரைத் திட்ட முடியாமல் ஒரு நாள் கோமதியைத் திட்டினேன். "நீயாவது பிரிக்காதீகன்னு சொல்லப்பிடாதா தாயி?" அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "ஊரே பாத்தாச்சு அண்ணே. எனக்குத்தான் கண்ணாடியக் குடுக்க மாட்டேங்காக."

பெண் பார்த்த நாள்

ஆவணி பிறந்து வீட்டுக்கு ஆள் வருவதற்குள் கன்னம் ஆறிவிட்டது. மயிரிழை போல லேசாகச் சிவந்த ஒரு கோடு. அதுவும் பவுடர் பூசினால் தெரியாது. என் சர்வீஸில் அப்படி ஒரு வேலை நான் செய்ததில்லை. எனக்கு ஏகப்பட்ட பெருமை.

பெண் பார்க்கிற அன்று அண்ணாச்சியின் கடை ஆள் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார். மகளுக்குக் கன்னத்தில் காயம் என்று அண்ணாச்சி நாணயமாக முன்கூட்டியே சொல்லிவிட்டிருக்கிறார். வந்தவர்கள் தழும்பைத் தேடியிருக்கிறார்கள், காணோம். மூத்தவளை மறைத்து இளையவளைக் காட்டுகிறார்கள் என்று முடிவு கட்டி, வெற்றிலையைத் தொடாமல் எழுந்துவிட்டார்களாம். நான் கைகூடக் கழுவாமல் ஓடினேன்.

"இதே பொண்ணுதாம்மா! தெனமும் நானே என் கையால கழுவி மருந்து போட்டேன். இங்கன பாருங்க, கோடு இருக்கு" என்று மாப்பிள்ளையின் பெரியம்மாவிடம் சொன்னேன். அந்த அம்மாள் கோமதியின் முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். கோடு இருந்தது. பெண்ணும் அதே பெண்தான். அப்பாடா என்று நான் வேர்வையைத் துடைத்தேன். அவள் அண்ணாச்சி பக்கம் திரும்பிச் சொன்னாள்: "தழும்பு இருந்தாக்கூடக் கட்டியிருப்போம். ஒரு மாசமா அன்னிய ஆம்பள தெனமும் கன்னத்தத் தொட்ட பொண்ணு எங்களுக்கு வேண்டாம்."

நல்ல வைத்தியம்

அவர்கள் வண்டி ஊரைத் தாண்டுமுன் அந்தப் பேச்சு ஊர் முழுக்கப் பரவிவிட்டது. பிறகு விசாரித்து வந்த வரன்களும் பஜாரோடு திரும்பிப் போயின. எனக்கு வயிறு எரிந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எரிகிறது. புண்ணை வீட்டுக்குள் வைத்து அழுகவிட்டிருந்தால் அவள் நல்ல பெண். ஆஸ்பத்திரிக்கு வந்து ஆற்றிக்கொண்டதால் கெட்டுப்போனவள். என்ன ஜனங்களோ!

கொஞ்ச நாள் கழித்து அண்ணாச்சி எதிரே வந்தார். எவ்வளவு திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்று ஒதுங்கி நின்றேன். அவர் திட்டவில்லை. என் தோளில் கை வைத்துச் சொன்னார்: "நல்லாத்தான் பாத்தீரு வே. கொஞ்சம் மோசமாப் பாத்திருந்தீர்னா, எம்மவ இன்னேரம் இளையரசனேந்தல்ல இருந்திருப்பா."

அதற்குப் பிறகு ரிட்டயர் ஆகும்வரை, எந்தப் பெண்பிள்ளை முகத்தில் காயத்தோடு வந்தாலும் பஞ்சை அவள் அம்மா கையில் கொடுத்துவிட்டு நான் சுவரைப் பார்த்து நின்றுதான் வைத்தியம் சொன்னேன். தழும்புகள் தாராளமாக விழுந்தன, கல்யாணங்களும் தடையில்லாமல் நடந்தன.